துவைத்த பட்டை

மார்ச் 4

வாண்டு இன்று நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றாள். முதல் தடவை. உள்ளறையில் இருந்த இவரைக் கூப்பிட்டேன். "இதோ வந்துட்டேன்" என்று குரல் மட்டும் வந்தது. எட்டிப் பார்த்தால் மேசைமேல் அந்த ஹெல்மெட்டைக் கவிழ்த்துப்போட்டு, விளிம்புக்குள் பூதக்கண்ணாடியை நுழைத்து எதையோ தேடிக்கொண்டிருக்கிறார். ஆற அமர வந்து சேர்ந்தபோது அவள் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொரு தடவை நிக்கச் சொல்லு" என்கிறார். நான் என்ன சர்க்கஸா நடத்துகிறேன்?

மார்ச் 6

அது வந்ததிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் நாலு பேர் என்றுதான் தோன்றுகிறது.

இவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் வேலை. கடைக்குப் போகிற வழியில் பழைய சாமான் விற்கிறவர் ஒருவர் இருக்கிறார். அங்கே உடைந்த மின்விசிறிகளுக்கு அடியில் கிடந்ததாம். இரண்டாம் உலகப்போர் காலத்து எஃகு ஹெல்மெட். பார்த்தால் பிடி உடைந்த வாணலி மாதிரி இருக்கிறது. உள்ளே மக்கிப்போன தோல். தாடையில் மாட்டிக்கொள்ளத் தடித்த துணிப்பட்டை ஒன்று. அந்தப் பட்டையின் உட்புறத்தில் மையால் எழுதிய சில எண்கள், இரண்டு எழுத்துகள். அதில்தான் எல்லாம் இருக்கிறதாம். போலிகள் நிறைய உலவுகின்றனவாம், வெறும் இரும்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம். பட்டை அந்தக் காலத்தது என்றால் எண்ணும் நிஜம். எண் நிஜம் என்றால் அதை மாட்டிக்கொண்டு நடந்தவன் யார் என்று கண்டுபிடித்துவிடலாமாம்.

கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"கண்டுபிடிச்சா அது ஒருத்தரோடது. இல்லேன்னா வெறும் தகரம்" என்றார். அந்தக் குரலில் என்னைப் பற்றி ஒரு வாக்கியம் இவர் சொல்லிக் கேட்டதில்லை.

அதைத் தூக்கவேண்டுமானால் வெள்ளைப் பருத்திக் கையுறை. வாண்டைத் தூக்க வெறும் கை. அதுவும் கழுவாத கை.

மார்ச் 10

புதிதாக ஒரு போன் வர ஆரம்பித்திருக்கிறது. சனிக்கிழமை இவர் ஹெல்மெட்டை மியூசியத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார், அங்கே பழைய பொருள்களைச் செப்பனிடும் பிரிவில் இருக்கிற ஒரு பெண். சாயங்காலம் வாண்டுக்கு நான் சோறு ஊட்டுகிற நேரம் பார்த்துத்தான் கூப்பிடுகிறாள். இவர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுகிறார். "ஆமா மேடம்." "அப்படியா மேடம்?" "அய்யோ, அது எனக்குத் தோணவே இல்ல மேடம்." சிரிப்பு வேறு. மேல்பல் தெரிகிற சிரிப்பு.

நாத்தனாரிடம் போனில் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று நினைத்தது என் புத்தி. "அண்ணி, அண்ணன் சின்ன வயசுல தீப்பெட்டிப் படம் சேர்த்தப்பவும் இப்படித்தான் கிறுக்குப் பிடிச்சு அலைஞ்சான். ஆனா தீப்பெட்டி அவனுக்கு போன் பண்ணினதில்ல" என்றாள்.



மார்ச் 14

மியூசியம் வீட்டுக்கே வந்துவிட்டது.

அவளுக்குப் பெயர் இருக்கிறது, எழுதப் பிடிக்கவில்லை. என்னைவிட மூன்று நாலு வயசு கூட இருக்கலாம். கத்தரித்த முடி, நகம் ஒட்ட வெட்டிய விரல்கள். அழகி என்று சொல்ல முடியாது. அழகியாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வந்ததும் வெள்ளைக் கோட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள், எங்கள் வீட்டு மேசைக்கு முன்னால், நான் காய் நறுக்குகிற மேசைக்கு முன்னால். வாண்டைப் பார்த்து ஒரு புன்னகை. எத்தனை மாசம் என்றுகூடக் கேட்கவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வாங்கியபோது மட்டும் முகமே மாறிவிட்டது. பட்டையைப் புரட்டிப் புரட்டிப் போட்டோ எடுத்தாள்.

இவர் டீ போட எழுந்தார். இவர்! "மேடத்துக்குச் சர்க்கரை வேண்டாம்" என்று எனக்குத் தகவல் வேறு. நான் காபி குடிக்கிறவள் என்பது கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்துத்தான் இவர் மூளையில் ஏறியது.

அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நானும் சாயப்பட்டறை ஆய்வகத்தில் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றவள்தான். வேதியியல் பட்டம் எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ. வாண்டு வயிற்றில் இருந்தபோது சாய நெடி ஆகாது என்று வேலையிலிருந்து நின்றேன், நின்றது நின்றதுதான். அவள் கிளம்பும்போது இவர் வாசல்வரை போனார், அங்கேயே இரண்டு பேரும் இன்னும் கொஞ்சம் பேசினார்கள். என்ன பேச இருக்கிறது ஒரு வாணலியைப் பற்றி?

மார்ச் 17



குளியலறையிலிருந்து துண்டு எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் வாண்டு உள்ளறைக்குத் தவழ்ந்து போய்விட்டாள். இவர் ஹெல்மெட்டை மேசையோரத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார், பட்டை கீழே தொங்குகிறது. அதை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு, சுகமாக!

எவன் வியர்வையோ. எவன் ரத்தமோ. துரு, பூஞ்சை, எலி — எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. வாயைக் கழுவித் துடைத்து, டாக்டருக்குப் போன் போட்டேன். ஒன்றும் ஆகாது, வாந்தி வந்தால் கூட்டிவாங்க என்றார். வரவில்லை. ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை. ஹெல்மெட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய், பட்டையை மட்டும் வாண்டின் துணி துவைக்கிற சோப்புத் தண்ணீரில் தொங்கவிட்டேன். ஊறவைத்துப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். தண்ணீர் கருப்பாக இறங்கியது. அதைப் பார்த்ததும் இன்னும் தேய்த்தேன். அழுக்கு போகவா தேய்த்தேன், அந்த மியூசியக்காரி விரல் பட்ட இடம் போகவா? தெரியல.

மின்விசிறிக் காற்றில் காயவைத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். இவரிடம் சொல்லவில்லை. மையெழுத்து இருக்கிறது, லேசாக வெளுத்திருக்கிறது. யார் பார்க்கப் போகிறார்கள்.

மார்ச் 18

இவர் கவனிக்கவில்லை. நல்லதுதான். கொஞ்சம் கோபமும் வந்தது.

மார்ச் 22, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

மத்தியானம் அவள் வந்தாள். புறஊதா விளக்கு வைத்துப் பார்க்கவேண்டுமாம். கடையில் வெயில் கண்ணாடியைச் சோதிக்கிற சின்ன டார்ச்சை இவர் கொண்டுவந்திருந்தார். அதற்கு இருட்டு வேண்டும். எங்கள் வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் குளியலறை ஒன்றுதான். ஆக, என் புருஷனும் அவளும் ஹெல்மெட்டோடு குளியலறைக்குள் போனார்கள். நான் வாண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறேன். இதைவிடக் கேவலம் ஒரு பொண்டாட்டிக்கு உண்டா?

அவளே கூப்பிட்டாள். "நீங்களும் வாங்களேன்." போனேன். விளக்கை அணைத்தார்கள்.

பழைய பருத்தி இந்த வெளிச்சத்தில் மங்கிக் கிடக்கவேண்டும், இப்போதைய நூலில் வெண்மைக்கு ரசாயனம் சேர்ப்பதால் அது நீலமாக ஒளிரும் என்று அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். எனக்கா விளக்குகிறாய் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். இவர் டார்ச்சைப் போட்டார்.

பட்டை குபீரென்று நீலமாக ஒளிர்ந்தது. தையல் தையலாக, பளிச்சென்று.

அதே நிமிஷம் என் இடுப்பில் வாண்டின் பனியனும் ஒளிர்ந்தது. அதே நீலம். ஒரே சோப்பு. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த ரசாயனத்தைக் கையால் அளந்து கலந்தவள் நான். தோளில் கிடந்த கறுப்புத் துண்டை இழுத்து, யாரும் பார்ப்பதற்குள் வாண்டைப் போர்த்தினேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "இதை வீட்ல யாராவது துவைச்சீங்களா? சோப்புத் தண்ணி பட்டிருந்தாலும் இப்படித் தெரியும்."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் இவர், "சேச்சே, அவ இது பக்கமே வரமாட்டா மேடம், அருவருப்பு. அதுக்கு நான் கேரண்டி" என்றார்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அப்படியானால் பட்டை புதுசு, எண்ணை யாரோ ஏமாற்ற எழுதியிருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். குரல் கம்மியிருந்தது. வெளியே வந்ததும் கோட்டைக் கழற்றி மடித்தாள். இவர் இந்த முறை வாசல்வரை போகவில்லை.

மார்ச் 23

போன் வரவில்லை!

மார்ச் 25

இன்றும் வரவில்லை. இவர் கடையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தார், வாண்டைத் தூக்கினார், குளிப்பாட்டினார். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். ஹெல்மெட் பீரோவுக்கு மேலே போய்விட்டது. நான் பாட்டுக்கூட முணுமுணுத்தேன். எனக்குப் பாட்டு வரும் என்பதே மறந்திருந்தது.

நான் ஒன்றும் பொய் சொல்லவில்லையே. கேட்டாள், இவர் பதில் சொன்னார். அவ்வளவுதான்.

மார்ச் 29

இவர் வீட்டில் இருக்கிறார். ஆனால் இல்லை. வாண்டு பந்தை உருட்டிவிட்டால் பதிலுக்கு உருட்டுகிறார், அடுத்தவர் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொன்ன மாதிரி. நான் எதிர்பார்த்தது இது இல்லையே. அவள் போனால் அந்த இடம் எனக்கு வரும் என்று யார் சொன்னது?

இன்று சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். தானாகவே பேசினார்.

"அந்தப் பட்டையைப் பார்த்ததுமே தெரிஞ்சுது, இது நிஜம்னு. அவ்ளோ நிச்சயமா இருந்தேன். ஊருக்கெல்லாம் கண்ணாடி தேய்க்கிறேன், என் கண்ணுதான் சரியில்ல போல."

"உங்க கண்ணுக்கு என்ன குறைச்சல்" என்றேன். ஊசியை விரலில் குத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 2

கடை முதலாளி ஹெல்மெட் கதையைக் கேட்டுச் சிரித்தாராம். அதைக் கொண்டுவா, பளபளவென்று மஞ்சள் வண்ணம் அடித்து, அந்தக் கந்தல் பட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக் கடை முகப்பில் வைப்போம், பிள்ளைகள் நின்று பார்க்கும் என்றாராம். இவர் சரி என்று சொல்லிவிட்டார்! ஞாயிற்றுக்கிழமை அடிக்கப் போகிறார்கள்.

"வேண்டாமே" என்றேன்.

"ஏன், உனக்குத்தான் அது பிடிக்காதே" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

ஏப்ரல் 3

ஒருவேளை என் சோப்பால் இல்லையோ? பட்டை நிஜமாகவே புதுசாக இருந்து, நான் வீணாக மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறேனோ? அப்படியிருந்தால் நான் தப்பித்தேன். அந்த ஆசையில்தான் சோதிக்க ஆரம்பித்தேன், நல்ல எண்ணத்தில் ஒன்றும் இல்லை.

வெளுக்காத பருத்தி நாடா தையல் கடையில் கிடைத்தது. பாதியை வெறும் தண்ணீரில், பாதியை வாண்டு சோப்பில் ஊறவைத்துத் தேய்த்தேன், அன்று தேய்த்த மாதிரியே. காயவைத்தேன். டார்ச் இவர் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. வாண்டு தூங்கியதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். வெறும் தண்ணீர் நாடா செத்துக் கிடந்தது. சோப்பு நாடா நீலம்.

பிறகு ஸ்டூல் போட்டு பீரோ மேலிருந்து ஹெல்மெட்டை இறக்கினேன். முதல் தடவையாகப் பதறாமல் பார்த்தேன். பட்டை இரும்பு வளையத்தில் மாட்டுகிற இடத்தில் ரெண்டு மூன்று மடிப்பாக மடித்து இறுக்கித் தைத்திருக்கிறார்கள். என் பிரஷ் அங்கே மேலாகத்தான் பட்டிருக்கும். ஓரத்தை நகத்தால் லேசாக நெம்பி டார்ச்சை அடித்தேன். வெளியே நீலம். உள்ளே போகப் போக மங்கி, அடியில் ஒன்றுமே இல்லை. இருட்டு.

புது நூலென்றால் அடிவரை ஒளிர்ந்திருக்கும். அது நிஜம். இவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

சொன்னால் அவள் மறுபடி வருவாள். அந்தக் கோட்டு, அந்த டீ, வாசலில் பேச்சு, எல்லாம் வரும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் வண்ணம். அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நான் மட்டும் தெரிந்துகொண்டு இந்த மனுஷரோடு குடித்தனம் நடத்தவேண்டும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நேற்றே சொல்லியிருக்கலாம். காலையில் இவர் ஹெல்மெட்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனபிறகும் உட்கார்ந்தே இருந்தேன். பிறகு வாண்டைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

கடையின் பின்னால் செய்தித்தாளை விரித்து ஹெல்மெட்டை வைத்திருந்தார்கள். முதலாளி வண்ண டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். இவர் கையில் கத்திரி, பட்டையை வெட்ட.

"வெட்டாதீங்க. அதைத் துவைச்சது நான்தான்" என்றேன்.

முதலாளி என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா, துணி துவைச்ச கதையெல்லாம் கடையில வந்து சொல்றே?" என்றார். நான் இரண்டு நாடாக்களையும் எடுத்து நீட்டினேன், டார்ச்சோடு. இவர் அவற்றை வாங்கிக்கொண்டு கண் பரிசோதிக்கிற இருட்டறைக்குள் போனார். நான் பின்னால் போகவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தார். கத்திரியை ஆணியில் மாட்டினார். ஹெல்மெட்டைப் பையில் போட்டார். வாண்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஏப்ரல் 7

திட்டினால் தேவலை.

இன்று வாண்டு பட்டையைச் சப்பிய கதையைச் சொல்லிவிட்டு நானே கேட்டேன், என்னதான் கோபம் என்று. வாண்டுக்குச் சாக்ஸ் மாட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் பேசினார்.

"துவைச்சதுக்குக் கோபம் இல்ல. பிள்ளை வாயில வச்சா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன். அவங்க முன்னாடி உனக்காக கேரண்டின்னு சொன்னேன். நீ பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தே."

"அவங்க வராம இருந்தா போதும்னு இருந்துச்சு எனக்கு" என்றேன். சொல்லிவிட்டேன். அசிங்கமாக, அப்படியே.

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப ஆச்சரியப்பட்ட முகம். இதுகூடத் தெரியாமலா இந்த மனுஷர்— "அவங்க வர்றது எனக்குப் பிடிச்சிருந்துச்சுதான்" என்றார் மெதுவாக. "நான் பேசுறதைக் கேட்டாங்க. வேற ஒண்ணும் இல்ல."

வேற ஒண்ணும் இல்லையாம். எனக்கு அதுவே போதுமான அளவு குத்தியது. நான் பேசுவதை யார் கேட்டார்கள் இந்த ஒரு வருஷமாக? அதையும் சொன்னேன். ரெண்டு பேரும் அழுதோம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. வாண்டு எங்களைப் பார்த்துக் கைதட்டினாள்.

ஏப்ரல் 11

அவள் வந்தாள். நான்தான் போன் போட்டு வரச்சொன்னேன், அதையாவது நானே செய்யவேண்டும் என்று.

திட்டவில்லை. கதையைக் கேட்டுவிட்டு, "எந்த சோப்பு? வெந்நீரா, பச்சைத் தண்ணியா? எவ்ளோ நேரம் ஊறுச்சு?" என்று கேட்டாள். அவள் திட்டாமல் இருந்ததற்காகக்கூட எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. இவரிடம் அனுமதி கேட்டு மடிப்பில் ஒரே ஒரு தையலைப் பிரித்தாள். மூன்று பேரும், வாண்டையும் சேர்த்தால் நாலு பேரும், குளியலறையில் நெருக்கியடித்து நின்றோம். உள்நூல் கறுப்பாகக் கிடந்தது. இவர் மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"அந்தக் காலத்துத் தையல்தான் சார்" என்றாள். பிறகு, "இனிமே வீட்ல இருக்கிறவங்களுக்கு அவங்களைக் கேட்காம கேரண்டி குடுக்காதீங்க." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அவளைப் பிடித்துப்போய்விடக் கூடாது.

நான் தேய்த்த தேய்ப்பில் கடைசி எண் பாதி போய்விட்டது. ஆனால் அவள் முதல் நாளே எடுத்த போட்டோ இருக்கிறது. இல்லாமல் இருக்குமா! எண்ணை எங்கெங்கோ அனுப்பப் போகிறார்களாம், பதில் வர மாசக்கணக்காகுமாம்.

போகும்போது என் நாடாக்களைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கென்று சொல்லவில்லை.

ஏப்ரல் 15

சாயங்காலம் போன் வந்தது. "மேடம்" என்றார், மேல்பல் தெரிந்தது. நான் கரண்டியைக் கிண்ணத்தில் டங்கென்று போட்டேன். ஒரு அங்குலம்கூட நான் திருந்தவில்லை.

ஏப்ரல் 24

இன்றும் அதே நேரத்துக்கு போன் அடித்தது. நான் வாண்டுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். இவர் பாய்ந்து எடுத்து, "சொல்லுங்க மேடம்" என்றார். பிறகு, "ம்... ஆமா, இருக்கா" என்றார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். "உன்கிட்டதான் பேசணுமாம்."

கையைத் துடைத்துக்கொண்டேன். அவசரமே படாமல். வாண்டையும் கிண்ணத்தையும் இவரிடம் கொடுத்தேன்.

மியூசியத்துக்கு ஒரு பழைய ராணுவச் சட்டை வந்திருக்கிறதாம். கழுத்துப்பட்டி ஒளிர்கிறது, தோள் ஒளிரவில்லை. போலியா, வெறுமனே கழுத்தை மட்டும் துவைத்ததா என்று சண்டையாம் அங்கே. பல சோப்புகளில், பல தடவை துவைத்த நாடாக்களை வரிசையாகச் செய்து தர முடியுமா, எத்தனை துவைப்புக்கு எவ்வளவு ஒளிர்கிறது என்று பார்க்கவேண்டும், அதைச் சரியாகச் செய்ய இங்கே ஆளில்லை என்றாள். பிள்ளையோடே வரலாமாம். தண்ணீரின் உப்பும் கணக்கில் வரும் என்றேன். "அது எனக்குத் தோணவே இல்ல" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். இவர் கிண்ணத்தோடு பின்னாலேயே வந்தார். வாண்டு வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறாள், இவர் கரண்டியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார். ஹெல்மெட்டைப் பற்றித்தானா என்று உதட்டை அசைத்துக் கேட்டார். நான் தலையை ஆட்டவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "ம்... ஆமா... அப்படியா?" என்று இன்னும் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.